ராஜா தலை நோட்டுகளைச் சேர்ப்பதும் மதிப்பிடுவதும்: மதுரைப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையிலும், மேலூர், திருமங்கலம், சிவகங்கை, காரைக்குடி முதலிய சுற்றுவட்டார ஊர்களிலும் பழைய வீட்டை இடிக்கும்போதோ சொத்தைப் பாகம் பிரிக்கும்போதோ தகரப் பெட்டியின் அடியிலிருந்து நான்கைந்து ராஜா தலை நோட்டுகள், அதாவது பிரிட்டிஷ் ராஜாவின் தலை பொறித்த பழைய ரூபாய் நோட்டுகள், வெளிவருவது இன்றும் நடக்கிறது. கண்டவுடன் பலரும் கேட்பது "எவ்வளவு போகும்?" என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு விடை உண்டு; ஆனால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. நோட்டை வெளியிட்டவர் யார், எந்த வரிசையைச் சேர்ந்தது, கையொப்பம் யாருடையது, அசல்தானா, தாள் எந்த நிலையில் இருக்கிறது என்பவற்றை முடித்த பிறகு கேட்டால்தான் விடை உருப்படியாக இருக்கும். வயதை மட்டும் வைத்து விலை சொல்ல முடியாது. 1940 என்று ஆண்டு அச்சிட்ட ஆறாம் ஜார்ஜ் ஒரு ரூபாய் நோட்டு எண்பது வயதைத் தாண்டியது. ஆயினும் போர்க்காலத் தேவைக்காக அச்சிடப்பட்டுப் பெருமளவில் புழங்கியதால், கசங்கிய நிலையில் வருமானால் அதை வியாபாரிகள் சில்லறைச் சரக்காகவே பார்ப்பார்கள்.

கை வைக்கும் முன்

கிடைத்த நோட்டுகளை அப்படியே ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்து, ஈரமில்லாத சுத்தமான விரல்களால் ஓரத்தைப் பிடித்துப் பிரிக்க வேண்டும். ரப்பர் வளையம் உருகி ஒட்டியிருந்தால் இழுக்காமல் கத்தரிக்கோலால் வளையத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம். இஸ்திரி போடுவது, சோப்புத் தண்ணீரில் அலசுவது, கிழிசலில் செல்லோடேப் ஒட்டுவது, லாமினேஷன் செய்வது ஆகிய நான்கும் நோட்டைக் கெடுக்கும் செயல்கள். லாமினேஷன் செய்த நோட்டைச் சேகரிப்பாளர் எவரும் நல்ல விலைக்கு எடுப்பதில்லை. அதை மீட்கவும் வழியில்லை. பூஜை அறையில் இருந்த நோட்டுகளில் மஞ்சளும் குங்குமமும் படிந்திருப்பது நம் வீடுகளில் மிகச் சாதாரணம். அந்தக் கறையைத் துடைத்து எடுக்கப் பார்த்தால் கறையோடு அச்சும் போகும் என்பதால், கறையுள்ள நோட்டைக் கறையோடே விற்பதுதான் லாபம்.

நோட்டோடு கிடந்த கணக்குச் சிட்டை, கடிதம், கப்பல் பயணச் சீட்டு, பாஸ்போர்ட் போன்றவற்றைக் குப்பையில் போடாமல் சேர்த்தே வைக்க வேண்டும். தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்தார் என்பதற்குச் சான்றான ஒரு கடித உறை, அதோடு கிடைத்த பர்மா நோட்டு எங்கிருந்து வந்தது என்பதை வாங்குபவருக்கு விளக்கும். சில வேளைகளில் கடிதத்துக்கே நோட்டைவிட மதிப்பு அதிகம்.

அடையாளம் காணுதல்

நோட்டின் தலைப்பில் எழுதியிருக்கும் பெயரிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே இந்திய அரசாங்கம் என்று ஆங்கிலத்தில் இருக்கும், அல்லது ரிசர்வ் வங்கி என்று இருக்கும். இரண்டும் இல்லையென்றால் அது பெரும்பாலும் வேறு நாட்டு நோட்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

1861ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டம் வரும் வரை நோட்டு வெளியிடும் உரிமை மாகாண வங்கிகளிடமும் இருந்தது. 1843இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் வங்கியும் நோட்டு வெளியிட்டது. அந்த நோட்டுகளோ, 1861க்குப் பின் வந்த விக்டோரியா உருவம் பொறித்த நோட்டுகளோ ஒரு புதியவர் கையில் கிடைப்பது அரிதிலும் அரிது. கிடைத்ததாக யாராவது கொண்டுவந்தால் முதலில் சந்தேகப்படுவதே முறை. விக்டோரியா நோட்டுகளில் கள்ள நோட்டுகள் பெருகியதால் அவை விலக்கப்பட்டு, 1867 முதல் எழுத்துகளுக்கு அடியில் பின்னணியாக வண்ண வேலைப்பாடு கொண்ட வரிசை வந்தது. இந்த நோட்டுகளில் ஒரு பக்கத்தில் மட்டுமே அச்சு இருக்கும்; பின்பக்கம் வெறுமையாக இருப்பதைக் கண்டு போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. அந்த வண்ணம் பச்சையாக உள்ள பச்சை வரிசையில் நான்கு மொழிகளும் பின்னர் வந்த சிவப்பு வரிசையில் எட்டு மொழிகளும் இடம்பெற்றன. தொடக்கத்தில் ஒரு நோட்டு அதை வெளியிட்ட வட்டத்துக்குள், அதாவது நோட்டு வெளியீட்டுக்காகப் பிரித்த நிலப்பகுதிக்குள், மட்டுமே சட்டப்படி செல்லும். மெட்ராஸ் வட்டத்தின் கீழ்த் திருச்சிராப்பள்ளியும் ஒரு துணை வட்டமாக இருந்ததால், அந்த ஊர்ப் பெயர் கொண்ட நோட்டு நம் பக்கத்துச் சேகரிப்பாளருக்குத் தனி ஈர்ப்புடையது. 1903க்கும் 1911க்கும் இடையில் 5, 10, 50, 100 ரூபாய் நோட்டுகள் படிப்படியாக எல்லா வட்டங்களிலும் செல்லுபடியாயின.

இந்தக் காலத்து நோட்டுகளில் பாதி நோட்டு கிடைத்தால் தூக்கி எறிய வேண்டாம். அஞ்சலில் பணம் களவு போகாமலிருக்க, நோட்டை இரண்டாக வெட்டி, முதல் பாதியை அனுப்பி, அது சேர்ந்ததாகத் தகவல் வந்த பிறகு மறு பாதியை அனுப்புவது அன்றைய வணிகர்களின் வழக்கம். இரு பாதிகளிலும் எண் இருக்கும். இரண்டையும் ஒட்டிப் புழங்கிய நோட்டின் நடுவே பின்பக்கத்தில் ஒட்டுத்தாள் தெரியும். அது சேதந்தான் என்றாலும் அந்தக் காலத்துக்கே உரிய சேதம் என்பதால் விலை அடியோடு விழுவதில்லை.

முதல் உலகப் போரில் வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோது, 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய் நோட்டு வெளிவந்தது. ஐந்தாம் ஜார்ஜின் தலை பொறித்த வெள்ளி ரூபாயின் படம் அதன் முகப்பில் இருக்கும். இந்த நோட்டுகள் இருபத்தைந்து தாள் கொண்ட சிறு புத்தகமாகவும் கொடுக்கப்பட்டன. அவற்றைக் கிழித்து எடுத்ததால் இடப்பக்க ஓரம் அஞ்சல்தலை ஓரம்போலப் பல் பல்லாக இருக்கும். புதியவர்கள் அதைச் சேதம் என்று எண்ணி விலையைக் குறைத்துவிடுவார்கள். கப்பே, மெக்வாட்டர்ஸ், டென்னிங் என்று மூன்று அரசாங்க அதிகாரிகளின் கையொப்பங்களில் இது வரும். ஒரு ரூபாயை அடுத்து இரண்டரை ரூபாய் நோட்டு, அதாவது இரண்டு ரூபாய் எட்டணா, வெளிவந்தது. அதில் வட்டத்தைக் குறிக்கும் ஆங்கில முன்னெழுத்து இருக்கும். மெட்ராஸ் வட்டத்துக்கு 'எம்'. இவ்விரு நோட்டுகளின் வெளியீடும் 1926 ஜனவரி 1 முதல் நிறுத்தப்பட்டது. இரண்டரை ரூபாய் நோட்டு எந்த நிலையில் கிடைத்தாலும் விலை உள்ளது. அதனாலேயே போலிகளும் அதிகம்.

1923 மே மாதம் பத்து ரூபாயில் தொடங்கி ஐந்தாம் ஜார்ஜ் உருவ வரிசை வந்தது. 5 முதல் 10,000 ரூபாய் வரை அதில் உண்டு. நாசிக் அச்சகம் 1928இல் தொடங்கப்பட்டு, 1932க்குள் எல்லா நோட்டுகளும் அங்கேயே அச்சாயின. ஐந்து, பத்து ரூபாய்களில் டென்னிங், டெய்லர், கெல்லி ஆகியோரின் கையொப்பங்களைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரே நோட்டுக்குக் கையொப்பத்தால் மட்டும் விலை பல மடங்கு மாறுவதுண்டு.

ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்டாலும் அதன் முதல் நோட்டு 1938 ஜனவரியில்தான் வந்தது. ஆறாம் ஜார்ஜின் உருவம் கொண்ட ஐந்து ரூபாய் அது. பிப்ரவரியில் பத்து, மார்ச்சில் நூறு, ஜூனில் ஆயிரமும் பத்தாயிரமும் வந்தன. முதல் ஆளுநர் ஆஸ்போர்ன் ஸ்மித் எந்த நோட்டிலும் கையெழுத்திடவில்லை. ஆகவே அவர் கையொப்பம் இருப்பதாகச் சொல்லி வரும் நோட்டைத் தொடவே வேண்டாம். அடுத்து வந்த ஜே.பி. டெய்லர், முன்பு அரசாங்க அதிகாரியாக ஐந்தாம் ஜார்ஜ் நோட்டுகளிலும் ஒப்பமிட்டவர். எனவே 'டெய்லர் நோட்டு' என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த ராஜா என்றும் சொல்ல வேண்டும். அவருக்குப் பின் வந்தவர் சி.டி. தேஷ்முக். ஜப்பானியர் பத்து ரூபாயைத் திறமையாகப் போலி செய்ததால், பக்கவாட்டு முகத்துக்குப் பதில் நேர்முகம் கொண்ட நீர்க்குறியும் (வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தாளுக்குள் தெரியும் உருவம்), இந்திய நோட்டுகளில் முதன்முறையாகப் பாதுகாப்பு இழையும் புகுத்தப்பட்டன. ஐந்து, பத்து ரூபாய்களில் அச்சிட்ட உருவத்திலும் இந்த மாற்றத்தைக் காணலாம்: பக்கவாட்டு முகம் முந்தியது, நேர்முகம் பிந்தியது. இரண்டு ரூபாய் நோட்டு 1943 மார்ச் 3 அன்று வந்தது. அதில் எண் கறுப்பிலும் சிவப்பிலும் உண்டு. நூறு ரூபாயில் வெளியிட்ட ஊரின் பெயர் இருக்கும். மெட்ராஸ் என்று அச்சிட்டதை நம் பக்கத்தார் விரும்பித் தேடுவார்கள். 500, 1000, 10,000 ரூபாய் நோட்டுகள் 1946 ஜனவரி 12 அன்று செல்லாதவை என அறிவிக்கப்பட்டுப் பெரும்பாலும் வங்கிக்குத் திரும்பிவிட்டதால், அவற்றில் ஒன்று கிடைப்பதாக இருந்தால் தனிக் கவனம் தேவை.

கடல் கடந்து வந்தவை

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவரைவிட மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்தார் அதிகம் சந்திப்பது பர்மா, மலாயா, இலங்கை நோட்டுகளை. நகரத்தார் தொழிலும் கூலிக்குச் சென்றவர்களின் சேமிப்பும் அவற்றை இங்கே கொண்டுவந்தன. பர்மா பிரிந்தபின் இந்திய நோட்டின் மேல் பர்மாவில் மட்டும் செல்லும் என்று ஆங்கிலத்தில் மேலச்சு செய்து விட்டார்கள். போர் முடிந்த நிலையில் 1945இல் இராணுவ நிர்வாகத்தின் மேலச்சும் வந்தது. இவை சேகரிப்பாளர் தேடுபவை. ஆனால் சாதாரண இந்திய நோட்டில் இன்றைக்கு ஒரு ரப்பர் முத்திரையைக் குத்தி விற்பதும் எளிது. மேலச்சின் மை தாளில் ஊறியிருக்கிறதா, மடிப்பின் மேல் ஏறி நிற்கிறதா என்று லென்ஸில் பார்க்க வேண்டும். தேய்ந்த மடிப்பின் பள்ளத்துக்குள்ளும் மை பளிச்சென்று நிறைந்திருந்தால், நோட்டு பழையதாக இருக்கலாம், மேலச்சு புதியது.

கட்டுக் கட்டாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஜப்பானிய ஆக்கிரமிப்புப் பணம். தலைப்பில் ஜப்பானிய அரசாங்கம் என்று ஆங்கிலத்தில் இருக்கும். பர்மாவுக்கு உரியதில் முன்னெழுத்து 'பி', மலாயாவுக்கு உரியதில் 'எம்'. மலாயாவின் பத்து டாலரில் வாழைமரம் இருப்பதால் வாழைப்பழ நோட்டு என்றே பெயர். பலவற்றில் எண்ணே கிடையாது. போர் முடிந்ததும் இவை வெற்றுக் காகிதமாயின. ஊருக்குத் திரும்பியவர்கள் எரிக்க மனமில்லாமல் பெட்டியில் போட்டு வைத்த கட்டுகள்தான் இன்றைக்கு வருகின்றன. அப்பத்தா பத்திரமாகக் காத்து வைத்த நூறு ரூபாய்க் கட்டு அநேகமாக இந்த வகையாகத்தான் இருக்கும் என்பதைக் குடும்பத்தாரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு நோட்டின் விலை குறைவுதான்; ஆனால் புதியவர் குறைந்த செலவில் பழகுவதற்கு இதைவிட நல்ல சரக்கு இல்லை.

ஆசாத் ஹிந்த் வங்கியின் பெயரில் வரும் நோட்டுகளைப் பற்றி ஒரு சொல்: நேதாஜியின் படையில் இருந்தவர்களின் குடும்பங்கள் நம் பக்கத்தில் இருப்பதால் இவற்றின் மீது பற்று அதிகம், அந்தப் பற்றை நம்பியே போலிகள் விற்கப்படுகின்றன. வலுவான சான்று இல்லாமல் வாங்க வேண்டாம்.

அசலா, போலியா

மூன்று கருவிகள் போதும்: பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ், நல்ல வெளிச்சம், ஒரு புற ஊதா டார்ச். லென்ஸில் அசல் நோட்டின் கோடுகள் இடைமுறியாமல் ஓடும். ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் பிரிண்டரில் அடித்ததில் அதே கோடு வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீர்க்குறி தாளுக்குள்ளேயே மெல்ல மெல்லக் கூடிக் குறையும் நிழலாகத் தெரிய வேண்டும். மேசையில் கிடக்கும்போதே சாம்பல் நிறத்தில் அது தெரிந்தால் மேலே அச்சடித்தது என்று பொருள். புற ஊதா ஒளியில் அக்காலத் தாள் மங்கலாகவே இருக்கும். இக்கால வெள்ளைத் தாளில் வெண்மையூட்டி கலந்திருப்பதால் அது நீலவெள்ளையாகப் பளபளக்கும். சலவைத் தூளில் அலசிய அசல் நோட்டும் அப்படிப் பளபளக்கக்கூடும் என்பதால் இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பத்தாயிரம் ரூபாய் ராஜா நோட்டை நினைவுப் பொருளாக அச்சடித்து விற்பதும் உண்டு. அதை விற்பவர் நினைவுப் பொருள் என்று சொல்லியே விற்றிருந்தாலும், மூன்றாவது கை மாறும்போது அந்தச் சொல் காணாமல் போய்விடும்.

தாளின் நிலை

சேகரிப்பாளர்கள் நிலையை ஆங்கிலச் சுருக்கங்களால் சொல்வார்கள். மடிப்பே இல்லாத சலவை நோட்டு 'யுஎன்சி'. நடுவில் ஒரு மெல்லிய மடிப்போ எண்ணும்போது விழுந்த தடமோ மட்டும் இருந்தால் 'ஏயு'. இரண்டு மூன்று மடிப்புகளுடன் மொறுமொறுப்புக் குறையாமல் இருந்தால் 'எக்ஸ்எஃப்'. புழங்கியது தெரிந்தும் தாளில் உறுதி இருந்தால் 'விஎஃப்'. துணிபோலத் துவண்டால் 'ஃபைன்', அதற்கும் கீழே 'விஜி'. பணம் கட்டினால் நோட்டைச் சோதித்து, 70 மதிப்பெண் அளவுகோலில் மதிப்பிட்டு, உறையிலிட்டுத் தரும் பிஎம்ஜி போன்ற நிறுவனங்களும் உண்டு. நோட்டின் விலையைவிட அந்தக் கட்டணம் அதிகமாகிவிடும் சரக்குகளை அனுப்புவதில் அர்த்தமில்லை.

ஓர் ஆறாம் ஜார்ஜ் இரண்டு ரூபாயை எடுத்துக்கொள்வோம். இடப்பக்க ஓரத்தில் இரண்டு சிறு துளைகள், சுற்றிலும் லேசான துருக்கறை. இது நோட்டுக் கட்டைக் கம்பியிட்டுத் தைத்த வங்கியின் வேலை; அக்கால இந்திய நோட்டுகளில் துளை இல்லாதது அபூர்வம் என்பதால் இதைச் சந்தை பொறுத்துக்கொள்கிறது. நடுவில் ஒரு மடிப்பு. அதை விரல் நகத்தால் தொடாமல், விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் மடிப்பின் முகட்டில் மை உதிர்ந்திருக்கிறது. வலது மேல்மூலையில் கடுகளவு மஞ்சள். கோணங்கள் நான்கும் கூர்மையாக இருக்கின்றன. ஆனால் மேல் ஓரத்து வெள்ளை விளிம்பு கீழ் ஓரத்தைவிட ஒடுங்கியிருக்கிறது. இங்கேதான் நிறுத்தி யோசிக்க வேண்டும். நைந்த ஓரத்தைக் கத்தரித்துக் கூர்மையாக்கும் பழக்கம் உண்டு என்பதால், சந்தேகமில்லாத இன்னொரு இரண்டு ரூபாயின் மேல் வைத்து அளவு பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் இது 'விஎஃப்'. ஒரு மயிரிழை குறைந்தாலும் பாதி விலைக்கும் வாங்கத் தயங்குவார்கள். இஸ்திரி போட்ட நோட்டை அடையாளம் காண்பதும் இதே பக்கவாட்டு ஒளியில்தான்: மடிப்புத் தடம் கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தட்டுப்படாது, தாளில் இயல்பாக இல்லாத ஒரு வழுவழுப்பும் இருக்கும்.

விலை காண்பது

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையன்று. வேறொருவர் கொடுத்த விலையே விலை. இந்திய நாணய ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலைகளைத் தங்கள் தளங்களில் வெளியிடுகின்றன. நம் நோட்டின் அதே மதிப்பு, அதே கையொப்பம், அதே முன்னெழுத்து வகை, ஏறத்தாழ அதே நிலை ஆகிய நான்கும் பொருந்தும் அண்மைக்கால முடிவுகள் சிலவற்றைக் குறித்துக்கொண்டு, அவற்றில் வழக்கத்துக்கு மாறாக ஏறியதையும் விழுந்ததையும் நீக்கிவிட்டுப் பார்த்தால் ஓர் எல்லை கிடைக்கும். ஏல விலைக்கு மேல் வாங்குபவர் தரகும் வரியும் கட்டுகிறார். விற்பவருக்கோ தரகு போகக் கிடைப்பது குறைவு. கடைக்காரர் நம்மிடம் வாங்கும் விலை இதற்கும் கீழே இருப்பது நியாயமே. அவர் முதலை முடக்கி, விற்கும் வரை காத்திருக்கிறார்.

786 போன்ற எண்களுக்கும், ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வரும் எண்களுக்கும் கூடுதல் தருபவர்கள் இருக்கிறார்கள். என் கருத்தில், புதியவர் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது. அது நோட்டின் அருமையைப் பொறுத்ததன்று, வாங்குபவரின் ஆசையைப் பொறுத்தது. வரிசை எண் தொடர்ச்சியாக உள்ள சலவை நோட்டுகள் கிடைத்தால் மட்டும் பிரிக்காமல் வைக்கலாம்.

பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி, பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று முன்பணம் கேட்பவர்கள் மோசடிக்காரர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தி இப்படி நடந்ததால், அவ்வாறான எந்தப் பரிவர்த்தனையிலும் தாங்கள் ஈடுபடவில்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது.

வாங்குதல்

தொடக்கத்தில் ஒரு சிறு வட்டத்தைத் தேர்ந்துகொள்வது நல்லது. ஆறாம் ஜார்ஜ் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ரூபாய்களைக் கையொப்பவாரியாகச் சேர்ப்பது ஒரு வழி; பர்மா, மலாயா ஆக்கிரமிப்பு நோட்டுகளை மதிப்புவாரியாகச் சேர்ப்பது இன்னொரு வழி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் மரச்சாமான், பித்தளைப் பாத்திரங்களுக்கு இடையில் நோட்டுகளும் தட்டுப்படும். ஆனால் அங்கே சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லும் விலையும் உண்டு. மதுரை தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைக்காரர்கள் வெள்ளி ரூபாயை எடை போட்டு விலை சொல்வார்கள். நோட்டுக்கு எடை இல்லை என்பதால் அவர்கள் சொல்லும் விலை வெறும் ஊகமாகவே இருக்கும். நாணயக் கண்காட்சிகளில் ஒரே நோட்டைப் பல மேசைகளில் பார்க்கலாம் என்பதால், முதல் சுற்றில் எதையும் வாங்காமல் நிலையையும் விலையையும் மட்டும் ஒப்பிட்டுக்கொண்டு, இரண்டாம் சுற்றில் பேரம் பேசலாம். விலை கூடிய நோட்டு என்றால் போலி எனத் தெரிந்தால் திரும்பப் பெறுவதாக எழுதிய ரசீது தருபவரிடம் மட்டும் வாங்க வேண்டும்.

வைத்திருத்தலும் விற்றலும்

கடையில் மலிவாகக் கிடைக்கும் மணமுள்ள மென் பிளாஸ்டிக் உறைகள் பிவிசியால் ஆனவை. நம் ஊர் வெயிலில் அவை பிசுபிசுத்து நோட்டில் ஒட்டும். பாலியெஸ்டர் உறைகளே ஏற்றவை. அந்துருண்டையை உறைக்குள் போடக் கூடாது. கரையானும் ராமபாணப் பூச்சியும் எட்டாத உயரத்தில், சுவரில் படாமல், இரும்பு பீரோவில் வைத்து, மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாற்றி வந்தால் போதும். ஒவ்வொரு நோட்டுக்கும் எண், கையொப்பம், நிலை, வாங்கிய இடம், கொடுத்த விலை ஆகியவற்றை ஒரு பேரேட்டில் எழுத வேண்டும். பென்சிலால்கூட நோட்டின் மேல் எழுதக் கூடாது.

விற்கும்போது சாதாரண நோட்டுகளை மொத்தமாகக் கடைக்காரரிடமே கொடுத்துவிடலாம். இரண்டரை ரூபாய், பச்சை வரிசை, ஐந்தாம் ஜார்ஜ் ஐம்பது ரூபாய் போன்றவை இருந்தால், குறைந்தது இருவரிடம் விலை கேட்டபின் ஏலத்துக்கு அனுப்புவதே நல்லது. அனுப்பும் முன் இரு பக்கமும் எண் தெளிவாகத் தெரியும்படி ஸ்கேன் எடுத்து, காப்பீடு செய்த அஞ்சலில் அனுப்பி, குறைந்தபட்ச விலையை எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டும். வெளிநாட்டு வாங்குபவர் நல்ல விலை சொன்னாலும், 1972ஆம் ஆண்டின் பழம்பொருள் சட்டம் நூறு ஆண்டு கடந்த பழம்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடுப்பதால், அவ்வளவு பழைய நோட்டை விவரம் அறியாமல் உறையிலிட்டு அனுப்பிவிடக் கூடாது. இந்திய ஏலத்திலேயே விற்றுவிடுவது சிக்கலில்லாத வழி.